வீட்டில் ஆக்சிஜன் மெஷின், ஹாலில் சாமி விளக்கு: என்ன செய்வது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டிலிருந்து ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது. அப்பாவுக்கு 71 வயது. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் ஸ்டோரில் நெடுங்கால வேலை, கூடவே சிகரெட். நுரையீரல் அடைப்பு நோய் முற்றிவிட்டது என்று நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் ஆக்சிஜனோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மெஷின் ஹாலில் இருக்கிறது, சாமி மேடையும் அதே ஹாலில்தான். "வெடிக்குமா? தம்பி வேறு வேப் (மின்சிகரெட்) பிடிக்கிறான். கரண்ட் போனால் என்ன செய்வது? அப்பா மூச்சு வாங்கினால் கொஞ்சம் கூட்டி வைக்கலாமா?"

நான் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தோட்டத்து ஆட்கள் இன்னும் 'டிரெசர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில், அந்த மெஷின் வெடிக்காது. அதற்குள் வாயுவைச் சேர்த்து வைக்கும் பெரிய தொட்டி எதுவும் இல்லை. அறையில் இருக்கும் காற்றையே இழுத்து, சியோலைட் என்ற மணிகள் வழியாக அனுப்புகிறது. அந்த மணிகள் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ள, மிச்சம் வருவது ஏறக்குறைய 90 விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜன். நிறுத்தினால் வருவதும் நின்றுவிடும். சிலிண்டர் கதை வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

பயப்பட வேண்டியது நெருப்புக்குத்தான். ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் மற்றதை எரிய வைக்கும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு. அது இரண்டு மூன்று விழுக்காடு கூடினாலே துணியும் தலைமுடியும் வேறு மாதிரி எரியும். சாதாரணமாக ஒரு பொறி பட்டால் கருகிப்போய் அணைந்துவிடும் துண்டு, அப்போது குப்பென்று பிடித்து ஓடும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. மெஷின் நிற்காமல் ஊதிக்கொண்டே இருக்கிறது. அப்பா மூச்சை உள்ளே இழுக்கும்போது மட்டும்தான் அது நுரையீரலுக்குப் போகும். மூச்சை வெளியே விடுகிற நேரமெல்லாம் வருகிற ஆக்சிஜன் எங்கே போகும்? மீசைக்கு, சட்டைக் காலருக்கு, தோளில் கிடக்கும் துண்டுக்கு, தலையணைக்கு. மூக்கில் மாட்டும் குழாயைக் கழற்றிப் படுக்கையில் போட்டுவிட்டு மெஷினை நிறுத்தாமல் போனால் போர்வைக்குள்ளேயே ஊறும். அதனால்தான் குழாயை எடுத்த கையோடு சுவிட்சையும் அணைக்கச் சொல்கிறோம். அணைத்த பிறகும் இருபது முப்பது நிமிடம் நெருப்புப் பக்கமே போகக் கூடாது, துணியில் ஊறியது காற்றில் கலைய வேண்டும்.

ஒரு பெரியவரைப் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து லைட்டரைத் தட்டியிருக்கிறார். மேலுதடு, மூக்கு, கன்னம் எல்லாம் வெந்து வந்தார். "மூக்கிலிருந்து எடுத்துக் கழுத்தில்தானே ஐயா போட்டிருந்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கழுத்தில் கிடந்த குழாயிலிருந்து ஆக்சிஜன் வந்துகொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பிளாஸ்டிக் குழாய் நெருப்புப் பட்டால் பட்டாசுத் திரி மாதிரி உள்பக்கமாக எரிந்துகொண்டே போகும். இதைத் தடுக்கக் குழாயின் நடுவே பொருத்தும் சின்ன வால்வு ஒன்று இருக்கிறது. குழாய் தீப்பிடித்தால் அது தானாக ஆக்சிஜனை நிறுத்திவிடும். மெஷின் கொடுத்த கம்பெனியிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். விலை பெரிதாக இருக்காது.

அப்பா சிகரெட்டை விட்டுவிட்டதாகச் சொல்கிறீர்கள். நல்லது. ஆனாலும் சட்டைப் பையையும் மெத்தைக்கு அடியிலும் ஒருமுறை பாருங்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம். என் அனுபவத்தில், வெளிப்படையாகப் பிடிக்கிறவரைவிட வீட்டாருக்குப் பயந்து கழிவறைக்குள்ளும் போர்வைக்குள்ளும் ஒளிந்து பிடிக்கிறவர்தான் பெரிய ஆபத்து. திட்டினால் ஒளிவார். அரசாங்கக் கிளினிக்கிலேயே சிகரெட்டை விட உதவும் பிரிவு இருக்கிறது, கூட்டிப் போங்கள். தம்பியின் வேப்பும் அதே கணக்குதான். அதற்குள் இருப்பது சூடேறும் கம்பிச்சுருளும் பேட்டரியும். வீட்டுக்குள் வேண்டாம், சார்ஜ் போடுவதுகூட அப்பாவின் படுக்கைக்குப் பக்கத்தில் வேண்டாம்.

சரி, சாமி மேடை. திறந்த நெருப்புக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவில் குறைந்தது மூன்று மீட்டர், அதாவது பத்தடி வேண்டும். நம் தோட்டத்து வீட்டு ஹாலே பத்துப் பன்னிரண்டு அடிதான். ஆக இரண்டையும் ஒரே ஹாலில் வைக்க வழியில்லை. மெஷினை எங்கே தள்ளுவது என்று யோசிக்கிறோம், ஆனால் ஆக்சிஜன் வெளியே வருவது அப்பாவின் மூக்கருகே. மெஷின் ஒரு மூலையில் இருந்து, அப்பா மேடைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் என்ன பயன்? அவரைக் கணக்கில் வைத்துத்தான் பத்தடியை அளக்க வேண்டும்.

எனக்கு அதிகம் பயம் தருவது குத்துவிளக்குகூட இல்லை, தீபாராதனைதான். பூசை முடிந்து கற்பூரத் தட்டைப் படுத்திருக்கும் பெரியவரிடம் கொண்டுபோய் நீட்டுவோம். அவரும் இரண்டு கையையும் சுடரின் மேல் காட்டி, அப்படியே கண்ணில் ஒற்றிக்கொள்வார். மூக்கில் குழாய், கையில் சட்டையின் நீளக்கை, எதிரே கற்பூரச் சுடர். அன்பாகச் செய்கிற காரியம், யாருக்கும் விபரீதமாகத் தோன்றாது. இனி தட்டு மேடையை விட்டு நகரக் கூடாது. அப்பாவுக்கு விபூதியும் பூவும் மட்டும் கொண்டுபோய்க் கொடுங்கள், கற்பூரம் முழுக்க அணைந்த பிறகு.

மேடையை வேறு அறைக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் மேடையில் மின்விளக்கு போடுங்கள். சிலருக்கு மனம் ஒப்பாது, தெரியும். என் வீட்டிலும் அம்மா இருந்தபோது இதே வாக்குவாதம் நடந்தது. கடைசியில் எண்ணெய் விளக்கு வாசலில் துளசி மாடத்துக்குப் போனது, உள்ளே மின்விளக்கு வந்தது. ஊதுபத்தியும் சாம்பிராணியும் நெருப்பு என்பதோடு புகையும்கூட. அடைபட்ட நுரையீரலுக்கு அது எந்த வகையிலும் உதவாது. கொசுவத்திச் சுருளுக்கும் இதே பதில்தான், கொசுவலை கட்டுங்கள்.

அடுப்படிக்கு அப்பாவைக் குழாயோடு விடாதீர்கள். காலை நாலு மணிக்கு எழுந்து வேலைக்குப் போன காலத்துப் பழக்கம், தானே தேத்தண்ணி போடுவார். மின்சாரக் கெட்டில் ஒன்று வாங்கிக் கொடுங்கள், அதையும் அவர் மூக்கிலிருந்தும் மெஷினிலிருந்தும் ஒன்றரை மீட்டர் தள்ளி வையுங்கள். இன்னொன்று, இரவில் மோட்டார் சைக்கிளை ஹாலுக்குள் ஏற்றி நிறுத்தும் வழக்கம். திருட்டுக்குப் பயந்துதான் எல்லோரும் செய்கிறோம். பெட்ரோல் ஆவியும் ஆக்சிஜனும் ஒரே அறையில் இருக்க வேண்டாம். புல்வெட்டும் மெஷினுக்கு வாங்கி வைத்த பெட்ரோல் கேனும் வெளியே போகட்டும்.

எண்ணெய் விஷயத்தில் நம்மவர்களுடன் எப்போதும் சண்டைதான். மூக்கு காய்ந்து எரிகிறது என்று விக்ஸ் தடவுவார்கள், வாசலின் தடவுவார்கள், கோடரி மார்க் தைலம் போடுவார்கள், தலைக்குத் தேங்காய் எண்ணெய் வழிய வழிய வைப்பார்கள். எண்ணெய்ப் பசையும் பெட்ரோலியக் களிம்பும் ஆக்சிஜன் சூழலில் சுலபமாகத் தீப்பிடிக்கும். மூக்குக்கும் உதட்டுக்கும் நீர் கலந்த ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும், அதைக் கேளுங்கள். உப்புநீர்ச் சொட்டும் போடலாம். கைக்கு சானிடைசர் போட்டால் நன்றாகக் காய்ந்த பிறகுதான் குழாயைத் தொட வேண்டும், அதில் ஆல்கஹால் இருக்கிறது.

இப்போது கரண்ட். நிமிடத்துக்கு ஐந்து லிட்டர்வரை தரும் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். பெரிய சுமை இல்லை, ஆனால் மணிக்கணக்கில் ஓடும். ஆகவே பிளக்கை நேராகச் சுவரில் இருக்கும் 13 ஆம்பியர் சாக்கெட்டில் செருகுங்கள். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய எக்ஸ்டென்ஷனில் டிவி, ஃபேன், மெஷின் என்று மூன்றையும் தொங்கவிட்டால் ஒருநாள் அது உருகும். பழைய தோட்டத்து வீடாக இருந்தால் ஓர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஒரு சாக்கெட்டையாவது பார்க்கச் சொல்லுங்கள். மெஷினைச் சுவரிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் ஒரு அடி தள்ளி, காற்றோட்டமாக வையுங்கள். சத்தம் தாங்கவில்லை என்று அலமாரிக்குள் பூட்டி ஓடவிட்ட வீட்டையும் பார்த்திருக்கிறேன்.

நம் ஊரில் கரண்ட் போவதைவிட அதிகம் நடப்பது இடி விழுந்து ஈ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) தட்டிவிடுவதுதான். தெரு முழுக்க வெளிச்சம் இருக்கும், உங்கள் வீடு மட்டும் இருட்டு. ராத்திரி இரண்டு மணிக்கு நடந்தால் மெஷின் நின்று கூவும். அந்தக் கூவலுக்கு உள்ளே ஒரு பேட்டரி இருக்கிறது, அது தீர்ந்திருந்தால் கூவாது. மாதம் ஒருமுறை ஓடும் மெஷினின் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள், சத்தம் வர வேண்டும். ஈ.எல்.சி.பி. பெட்டி எங்கே இருக்கிறது, எந்தச் சுவிட்சைத் தூக்க வேண்டும் என்று அம்மாவுக்கும் காட்டிவிடுங்கள். பக்கத்தில் ஒரு டார்ச்சு மாட்டி வையுங்கள், மெழுகுவத்தி வேண்டவே வேண்டாம். தெரு முழுக்கப் போயிருந்தால் மின்சார நிறுவனமான டி.என்.பி.க்கு 15454, வீட்டில் ஆக்சிஜன் நோயாளி இருப்பதைச் சொல்லுங்கள்.

அதற்குத்தான் ஒரு சிலிண்டர் கைவசம் வேண்டும் என்பது. எவ்வளவு நேரம் வரும் என்று நீங்களே கணக்குப் போடலாம். சிலிண்டரின் கொள்ளளவு லிட்டரை மீட்டர் காட்டும் பார் அழுத்தத்தால் பெருக்குங்கள். பத்து லிட்டர் சிலிண்டரில் 150 பார் என்றால் 1,500 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் போனால் 750 நிமிடம், பன்னிரண்டரை மணி நேரம். ஆனால் கடைசிச் சொட்டுவரை நம்பக் கூடாது, பத்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன இரண்டு லிட்டர் சிலிண்டர் என்றால் இரண்டு மணி நேரம், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரப் போதும்.

சிலிண்டரை நிமிர்த்திச் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டுங்கள். சாய்ந்து விழுந்து தலைப்பகுதி உடைந்தால் ஏவுகணைதான். வால்வை மெதுவாகத் திருப்புங்கள். திருகு இறுகியிருக்கிறது என்று எண்ணெயோ கிரீஸோ ஒரு துளிகூடப் போடாதீர்கள். அதிக அழுத்தத்தில் வரும் ஆக்சிஜன் எண்ணெயைத் தொட்டால் தீக்குச்சியே தேவையில்லை. வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் விட்டுவைக்காதீர்கள். வெல்டிங் கடையில் மலிவாக நிரப்பித் தருகிறார்கள் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம், மருத்துவ ஆக்சிஜன் வேறு விதிகளின்படி நிரப்பிச் சோதிக்கப்படுவது.

"கொஞ்சம் கூட்டி வைக்கலாமா" என்ற கேள்விக்குக் கூடாது என்பதுதான் பதில். காரணத்தையும் சொல்கிறேன், தெரிந்தால்தான் ராத்திரி மூன்று மணிக்குக் கை அந்தக் குமிழுக்குப் போகாது. இந்த நோய் முற்றியவர்கள் பலருக்குக் கரியமில வாயு முழுதாக வெளியே போவதில்லை. ஆக்சிஜனை அளவுக்கு மேல் கொடுத்தால் அந்த வாயு இரத்தத்தில் இன்னும் ஏறும். விரலில் மாட்டும் கருவி 98, 99 என்று அழகாகக் காட்டும், நாமும் சந்தோஷப்படுவோம், அவர் தூங்குவது போல மயக்கத்துக்குப் போய்க்கொண்டிருப்பார். காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம், பேச்சில் குழப்பம், நீட்டிய கை படபடவென்று உதறுவது, இவை தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி. இப்படிப்பட்டவர்களுக்கு வழக்கமாக வைக்கும் இலக்கு 88 முதல் 92 வரைதான். அப்பாவுக்கு எந்த எண் என்று டாக்டரிடம் கேட்டு, ஒரு காகிதத்தில் எழுதி மெஷின் மேலேயே ஒட்டிவிடுங்கள். மருமகன், பேரன் யார் வந்தாலும் அதைப் பார்க்கட்டும்.

அந்த விரல் கருவியையும் கண்மூடி நம்ப வேண்டாம். விரல் சில்லென்று இருந்தாலும் நெயில் பாலிஷ் இருந்தாலும் தப்பாகக் காட்டும். கருத்த தோலில் உள்ளதைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதும் ஆய்வுகளில் தெரிந்த விஷயம், நம் ஆட்கள் இதை மனதில் வைக்க வேண்டும். எண் நன்றாக இருந்தும் ஆள் சரியில்லை என்று தோன்றினால் ஆளை நம்புங்கள்.

மூச்சு வாங்குவதெல்லாம் ஆக்சிஜன் குறைவால் அல்ல. எண் சரியாக இருந்து மூச்சு மட்டும் வாங்கினால் அவரைக் கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார வைத்து, முகத்துக்கு நேராக ஒரு விசிறியால் வீசுங்கள். சாதாரணப் பனையோலை விசிறி போதும், முகத்தில் காற்றுப் பட்டாலே மூச்சுத்திணறல் உணர்வு குறையும். குறையவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை என்றால் 999.

அதே சமயம் "அதிகம் போட்டால் பழகிவிடும்" என்று குறைத்தும் வைக்காதீர்கள். ஆக்சிஜன் போதை அல்ல. 1980இல் அமெரிக்காவிலும் 1981இல் பிரிட்டனிலும் வெளிவந்த இரண்டு ஆய்வுகள்தான் இன்றைக்கும் அடிப்படை. இரத்தத்தில் ஆக்சிஜன் மிகக் குறைந்திருந்த இந்த நோயாளிகளுக்கு நாளுக்குச் சுமார் 15 மணி நேரமோ அதற்கு மேலோ கொடுத்தால் ஆயுள் கூடுகிறது என்று அவை காட்டின. மூச்சு வாங்கும்போது பத்து நிமிடம் போட்டு எடுப்பதில் அந்தப் பலன் இல்லை. ராத்திரி தூங்கும் நேரம் முழுக்கப் போட்டால் பாதிக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். மீதிக்கு டிவி பார்க்கும் நேரம், பேப்பர் படிக்கும் நேரம்.

மெஷின் எங்கே வாங்கினீர்கள் என்று எழுதவில்லை. கோவிட் சமயத்தில் வாங்கி, பிறகு கை மாறிய மெஷின்கள் நிறையச் சுற்றுகின்றன. சில மலிவு மெஷின்களில் ஏழு லிட்டர் என்று எழுதியிருக்கும். ஒரு லிட்டரில் வைத்தால் 90 விழுக்காடு வரும், ஏழில் வைத்தால் முப்பது நாற்பதுக்கு இறங்கிவிடும். காற்று ஜோராக வருகிறது, ஆக்சிஜன் இல்லை. பழைய மெஷின் என்றால் தூய்மை அளக்கும் கருவியை வைத்து இரண்டு லிட்டரில் எவ்வளவு வருகிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அந்த ஆளிடம் வாங்காதீர்கள். மருத்துவக் கருவி ஆணையத்தில் (எம்.டி.ஏ.) பதிவான மெஷினா என்றும் பாருங்கள்.

சுத்தம் செய்வது சின்ன வேலைதான். வெளி ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். தண்ணீர்ப் புட்டி இருந்தால் தினமும் ஊற்றிவிட்டு, கொதித்து ஆறிய நீரோ காய்ச்சி வடித்த நீரோ மாற்றுங்கள், குழாய்த் தண்ணீர் வேண்டாம். மூக்குக் குழாயை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறையும் சளிக்காய்ச்சல் வந்து போன பிறகும் மாற்றுங்கள். புகைமூட்டம் வரும் மாதங்களில் ஃபில்டர் சீக்கிரம் கறுக்கும், அடிக்கடி பாருங்கள். டெங்கி மருந்துப்புகை அடிக்க வரும் நாளில் அப்பாவைச் சின்னச் சிலிண்டரோடு வேறு வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.

நீளக் குழாயைப் பற்றி ஒரு வார்த்தை. தடுக்கி விழுவார்கள், அப்பா மட்டுமல்ல, அம்மாவும். சுவரோரமாக ஓடவிடுங்கள், பாய்க்கு அடியில் விடாதீர்கள், மடங்கினால் தெரியாது. தோட்டத்து வீட்டில் எலி வேறு. ஆக்சிஜன் வருகிறதா என்று சந்தேகம் வந்தால் மூக்கு முனையை ஒரு டம்ளர் தண்ணீரில் முக்குங்கள், குமிழி வந்தால் வருகிறது. வராவிட்டால் கையால் தடவிக்கொண்டே மெஷின்வரை போங்கள், பெரும்பாலும் நாற்காலிக் காலுக்கு அடியில் சிக்கியிருக்கும்.

கரண்ட் பில் கூடும். 350 வாட் மெஷின் நாளுக்கு 16 மணி நேரம் ஓடினால் மாதம் சுமார் 168 யூனிட். செலவு பாரமாக இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருத்துவ சமூகப் பணிப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, அங்கே போய்ச் சொல்லுங்கள். கருவிக்கு உதவி கேட்டு விண்ணப்பிக்க அவர்கள்தான் வழி காட்டுவார்கள். சம்பளச் சீட்டு, பில் எல்லாம் கையோடு எடுத்துப் போங்கள், இரண்டு முறை அலைய வேண்டாம்.

தீ பிடித்தே விட்டால், முதலில் மூக்குக் குழாயைப் பிடுங்கி எறியுங்கள். கைக்கு எட்டினால் மெஷின் சுவிட்சை அணையுங்கள், எட்டாவிட்டால் விடுங்கள். அப்பாவை வெளியே இழுத்து வந்த பிறகு 999. பொம்பாக்காரர்களிடம் (தீயணைப்புப் படையினரிடம்) உள்ளே ஆக்சிஜன் சிலிண்டர் இருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வெந்த இடத்தில் குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிடுங்கள். பற்பசை, மாவு, எண்ணெய் எதுவும் வேண்டாம்.

கடைசியாகக் கார்த்திகைக்கு விளக்கு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. வாசல் படிக்கும் வேலிக்கும் வையுங்கள், அப்பா இருக்கும் அறை ஜன்னலுக்குப் பத்தடி தள்ளி. ஜன்னல் கண்ணாடியைச் சாத்திவிட்டு, திரையை மட்டும் விலக்கி, நாற்காலியை ஜன்னலோரம் போடுங்கள், அவர் உள்ளிருந்தே வரிசையைப் பார்க்கட்டும்.